அகாதிர் போகும் பேருந்து

பாலைவன ஓரத்து ஊரான ஸகோராவின் நிறுத்தத்தில் வெயில் கண்ணைக் கூச வைக்கிறது. பேருந்தின் ஜன்னலோரம் இத்தோ உட்கார்ந்திருக்கிறாள். கீழே அவள் கணவன் மோஹா, எட்டு மாதக் குழந்தையைத் தோளில் சாய்த்தபடி நிற்கிறான். மூன்றாவதாகத் தோண்டிய கிணறும் வற்றிவிட்டது. பேரீச்ச மரங்கள் நின்றபடியே காய்கின்றன. இத்தோ வேலைக்குப் போகும் கடலோர அகாதிர் தக்காளித் தோட்டத்தில் பெண்களுக்கு மட்டும்தான் வேலை. போன மாதம் வேலை கேட்டுப் போன மோஹாவைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். “என் கை முரடாம். தக்காளி நசுங்கிடுமாம்,” என்று சிரிக்கப் பார்க்கிறான் அவன். “புள்ளையப் பதமாப் புடி,” என்கிறாள் இத்தோ. “ஆட்டுப்பால நல்லா காய்ச்சிக் குடு.” “இதோட பத்து தடவ சொல்லிட்ட.” வண்டி உறுமிப் புறப்படுகிறது. குழந்தை வீறிட்டு அழுகிறது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மேல்துணியை இழுத்து மார்பை மூடிக்கொள்கிறாள். அதற்குள் பால் கசிந்து அங்கியை நனைத்துவிட்டது.