ஏழு சிலுப்பல்

என் கணவர் ஜெயராம் இன்னொரு தடவை தலையைச் சிலுப்பினார்.

நான் சமையலறையில் நின்றபடி, காலண்டரில் கிழித்த நேற்றைய தாளின் பின்பக்கம் ஒரு கோடு போட்டேன். மூன்று.

காதோரம் ஈ உட்கார்ந்தால் விரட்டுவோமே, அந்த மாதிரிச் சிலுப்பல். ஆனால் ஈ எதுவும் இல்லை. கோட்டூர்புரத்தில் எங்கள் நான்காவது மாடிக்கு ஏறி வரக் கொசுவே யோசிக்கும்.

ஹாலில், அணைத்துக் கிடந்த டிவிக்கு எதிரே, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பக்கத்து ஸ்டூலில் நான் கொடுத்த காபி.

அந்தக் காபியில் நாற்பத்தேழு இருந்தது.

தரமணியில் நான் வேலை பார்க்கும் மருந்து ஆராய்ச்சிக்கூடத்தில் அதற்கு இன்னும் பெயர் வைக்கவில்லை, எண்தான். போதைக் காளானில் இருக்கும் சரக்கு மனச்சோர்வைப் போக்கும் என்கிறார்கள். கூடவே இல்லாததையெல்லாம் கண்ணுக்குக் காட்டும். அந்த மூலக்கூறில் ஒரு மூலையை வெட்டி, வேறொன்றை ஒட்டி, காட்சியைக் கழற்றிவிட்டுக் குணத்தை மட்டும் வைத்துக்கொள்ள மூன்று வருஷமாகப் பாடுபடுகிறோம். நாற்பத்தேழாவது முயற்சியில் எலிகள் தேறின.

ஏதாவது தெரிகிறதா என்று எலியிடம் கேட்க முடியாது. தலையைச் சிலுப்புகிறதா என்றுதான் பார்ப்போம். சிலுப்பினால் காட்சி. சிலுப்பாவிட்டால் மருந்து. நாற்பத்தேழு கொடுத்த எலிகளில் ஒன்றுகூடச் சிலுப்பவில்லை. இதை அன்றைக்கே ஜெயராமின் கட்டிலில் உட்கார்ந்து பெருமையடித்துக்கொண்டேன். அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

இரண்டு வருஷமாக அப்படித்தான் படுத்திருந்தார்.

உடம்புக்கு ஒன்றுமில்லை. அடையாறில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். பரீட்சை ஹாலில் பிட் பிடிப்பதில் கில்லாடி. பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டி நின்று, ஜன்னல் கண்ணாடியைப் பார்த்தே பிடித்துவிடுவார். அப்படித்தான் ஒரு மாணவியைப் பிடித்தார். மறுநாள் அவள் உயிரோடு இல்லை. அன்று படுத்தவர்தான். டாக்டர்கள் மாற்றி மாற்றிக் கொடுத்த எந்த மாத்திரையும் அவரை எழுப்பவில்லை.

நாற்பத்தேழை மனிதருக்குக் கொடுத்துப் பார்க்க அனுமதி வர இன்னும் எத்தனை வருஷமோ. அதுவரை இவர் தாங்க மாட்டார் என்று பயந்தேன். அதனால் திருடினேன். பதினோரு நாளாக, சிட்டிகையிலும் சிட்டிகை, டிகாஷனில். கசப்புத் தெரியாமல் இருக்கச் சர்க்கரை ஒரு ஸ்பூன் கூட.

முதல் நாள் ஒரு வாய் குடித்துவிட்டு அப்படியே வைத்துவிட்டார். மறுநாள் தானாக எழுந்து ஹாலுக்கு வந்தார். ஐந்தாம் நாள் பேப்பர் கேட்டார். தினமும் காபியை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்க் காலி டம்ளரோடு திரும்பினார். நான் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். இருந்த சந்தோஷத்தில், பால்கனிக் கற்பூரவல்லித் தொட்டியை எறும்பு மொய்த்ததுகூட எனக்குப் பெரிதாகப் படவில்லை.

இன்று இந்தச் சிலுப்பல்.

நான்கு. ஐந்து.

எலிகள் ஏமாற்றிவிட்டனவா? எலிகளை எண்ணும் சாய்சரண் அவசரத்தில் எதையாவது விட்டுவிட்டானா? வெட்டிய மூலை வயிற்றுக்குள் போய் மறுபடி முளைத்துக்கொண்டதா? யார்மேல் சந்தேகப்படுவது என்றே தெரியாமல் எல்லார்மேலும் சந்தேகப்பட்டேன்.

அவருக்குத் தெரிவது பூவோ கோலமோ என்றால் பரவாயில்லை. அந்தப் பெண்ணாக இருந்தால்? ஸ்டூலுக்கு அந்தப் பக்கம், யூனிஃபார்மில், ரெட்டைப் பின்னலோடு வந்து நிற்கிறாளோ?

ஆறு. இத்தனை நேரமாகியும் பேப்பரில் ஒரு பக்கம்கூடத் திருப்பவில்லை.

பால் பொங்கி வழிந்தது. அடுப்பை அணைத்துவிட்டுத் துணியால் துடைத்துவிட்டு நிமிர்ந்தேன். மறுபடி சிலுப்பினார். ஏழு.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். என்ன கொடுத்தீர்கள் என்று கேட்பார்கள். வேலை போகட்டும், ஜெயிலில்கூடப் போடட்டும். எழுந்த மனுஷனை நானே மறுபடி படுக்க வைத்துவிட்டேனா என்பதுதான் என் கவலை. தாளில் ‘ஏழு’ என்று எழுதி, அடியில் கோடிட்டேன்.

“ஏழு இல்லை, நீரஜா. ஒன்பது,” என்றார் ஜெயராம், திரும்பாமலே. “நீ பாலைத் துடைச்சிண்டிருந்தப்போ ரெண்டு போட்டேன்.”

அணைத்துக் கிடந்த டிவியின் கறுப்புக் கண்ணாடியில் என் முகமும் கையில் பேனாவும் பளிச்சென்று தெரிந்தன.

பேப்பரை மடித்து வைத்துவிட்டு, டம்ளரை எடுத்துக்கொண்டு சமையலறைக்கு வந்தார். ஏடு கட்டி, விளிம்புவரை அப்படியே இருந்தது. ஸிங்கில் கவிழ்த்தார். எனக்குக் கற்பூரவல்லியும் எறும்பும் ஞாபகம் வந்தன. முதல் நாள் குடித்த அந்த ஒரு வாயோடு சரி; கூடுதல் சர்க்கரை அதிலேயே என்னைக் காட்டிக்கொடுத்திருக்கிறது.

“நீயே சொல்லிடுவே, சொல்லிடுவேன்னு தினம் எழுந்து வந்து உட்கார்ந்துண்டிருந்தேன். இன்னொருத்தரை நானாப் பிடிக்க வேண்டாம்னு பார்த்தேன்.”

அவரைக் கட்டிலிலிருந்து எழுப்பியது நாற்பத்தேழு இல்லை. என்மேல் விழுந்த சந்தேகம்.

ஃபில்டரைக் கழுவி, புதுசாகப் பொடி போட்டு, வெந்நீர் ஊற்றினேன். டிகாஷன் இறங்கும்வரை அவர் நகரவில்லை. இரண்டு வருஷத்துக்கு அப்புறம் சமையலறையில் என் தோளை ஒட்டி நின்றார்.

நான் சர்க்கரை போடும்போது என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.