ஒரு நாள் முந்தி

பூச்சி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்த வேகத்திலேயே, ஏதோ பிழையோடு வந்திருக்கிறான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அவன் டெஸ்டர். மற்றவர்கள் எழுதிய நிரலில் ‘பக்’ என்னும் பூச்சி பிடித்துப் பிடித்தே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் அலுவலகத்தில் பாதிப் பேருக்கு மறந்தே போய்விட்டது.

“அக்கா, அந்த வெளிநாட்டுக்காரர் மறுபடியும் போன் பண்ணாராம். சட்டையெல்லாம் மாத்திக்கிட்டு ஸ்கிரீன் முன்னாடியே உக்காந்திருக்காரு. பிள்ளை வரவே இல்லையாம். இங்க பாத்தா, மறுநாள் பிள்ளை வந்து காத்துக் கெடந்திருக்கு. இவரக் காணோம். ரெண்டாவது தடவக்கா.”

அது பிரிந்துபோனவர்களுக்கான ஆப். கோர்ட் குறித்துக் கொடுத்த நாளில் குழந்தை சந்திப்பு மையத்துக்கு வரும். தூரத்தில் இருக்கும் அப்பாவோ அம்மாவோ திரையில் வந்து பேசலாம். மூன்று முறை அடுத்தடுத்து வராமல் போனால் அந்த உரிமை ரத்து.

ஆப்பில் யாருக்கும் பெயர் கிடையாது. எண் மட்டும்தான்.

பூச்சி எண்ணைச் சொன்னான். அவள் தட்டிப் பார்த்தாள். பிழை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க அவளுக்கு ஒரு டீ ஆறும் நேரம்கூட ஆகவில்லை. போன மாதம் அவளே எழுதிய வரி.

சர்வர் தேதியை வெறும் எழுத்தாகத்தான் அனுப்பும். ஆப் அதை நிஜத் தேதியாக மாற்றிக்கொள்ள வேண்டும். மாற்றும்போது, உலகப் பொதுக் கடிகாரத்தின் நள்ளிரவு என்று அதுவாகவே ஒரு நேரத்தை ஒட்டிவிடுகிறது. கடிகாரம் பின்தங்கி ஓடும் நாடுகளில் அப்போது இன்னும் முந்தைய நாள். இங்கே சனிக்கிழமை என்று போவது, அங்கே ஒருவர் போனில் வெள்ளிக்கிழமை என்று விழும்.

“அந்தப் பக்கம் நமக்கு இருக்கிறதே இவர் ஒருத்தர்தான்,” என்றான் பூச்சி. “அதான் யாருக்கும் தெரியல. ஒரே வரிதானேக்கா? இன்னிக்கே அனுப்பிடலாம். நாளன்னிக்கு அவருக்கு மூணாவது.”

“தேதியில கைவெச்சா எங்கெங்கயோ இடிக்கும்டா. எல்லா ஊருக்கும் போட்டுப் பாத்துட்டுத் திங்கக்கிழமை விடலாம்.”

“அதுவரைக்கும் அந்த மனுஷனுக்கு ஒரு போனாவது...”

“நான் சொல்லிக்கிறேன். நீ போ.”

பூச்சிக்கு மனசு லேசாகிவிட்டது. அக்கா சொன்னால் செய்துவிடுவாள். விசிலடித்துக்கொண்டே எழுந்து போனான்.

அவள் அந்த வரியைத் திருத்தினாள். ஏனோதானோ என்று செய்யவில்லை. ஒவ்வொரு நாட்டின் நேரத்துக்கும் மாற்றி மாற்றி ஓட்டினாள். எங்கேயும் பிசகவில்லை. சேமித்து, திங்கட்கிழமைக்கு என்று ஒதுக்கி வைத்தாள்.

போனைக் கையில் எடுக்கவேயில்லை.

மறுநாள், வெள்ளிக்கிழமை, அந்த எண்ணுக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்தது. அவர் வந்து உட்கார்ந்துவிட்டார். எதிர்ப்பக்கம் ஆள் இல்லாத அறை.

அவள் ஆரஞ்சு ஒன்றை உரித்து, நாரெல்லாம் எடுத்துவிட்டு, சுளை சுளையாகத் தின்றாள். புள்ளி அணைந்தது. உடனே மறுபடி எரிந்தது. இணைப்பில்தான் கோளாறோ என்று ஒருமுறை வெளியே போய்த் திரும்பி வந்திருக்கிறார் பாவம். வெகுநேரம் கழித்து ஒரேயடியாக அணைந்தது.

சனிக்கிழமை சந்திப்பு மையத்தில், சுவரெல்லாம் பலூன் வரைந்திருந்த அறையில், ஒரு சிறுமி திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். காலையில் தானே தலைவாரிக்கொண்டு கிளம்பியிருக்கிறாள். வகிடு கோணலாக ஓடியது. விழுந்த பல்லின் இடத்தைக் காட்ட வேண்டும் என்று வாயைத் திறந்து திறந்து ஒத்திகை பார்த்தாள்.

திரை கறுப்பாகவே இருந்தது.

மேற்பார்வைக்கு இருந்த அம்மாள் கடிகாரத்தைப் பார்த்தாள். விதித்ததற்கு மேலும் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு, “இனிமே இது கிடையாதும்மா. ரத்தாயிடும்,” என்று தணிந்த குரலில் சொல்லி, கணினியை மூடினாள்.

கடைசியாகப் பேசிய நாளில், “அப்பாகிட்டயே வந்துடுறியா?” என்று அந்த மனிதர் கேட்டிருந்தார். சிறுமி ஒரு நொடிகூட யோசிக்காமல் தலையாட்டியிருந்தாள்.

இப்போது நாற்காலியிலிருந்து இறங்கி, கதவோரம் ஆரஞ்சுச் சுளையில் நார் எடுத்துக்கொண்டு நின்ற அம்மாவிடம் ஓடினாள்.

“அப்பா இன்னிக்கும் மறந்துட்டாராம்மா?”

அவள் குனிந்து மகளின் வகிட்டை விரலால் நேராக்கிவிட்டாள்.

“அவருக்கு என்னிக்கு நாள் கிழமை ஞாபகம் இருந்திருக்கு, செல்லம்?”