தாயின் வாய்

விருமாயி கோம்பை நாய்க்குட்டிகளில் ஒன்றைப் பிடரியைப் பிடித்துத் தூக்கிய நொடியில், தாய்நாய் அவளுடைய மணிக்கட்டைக் கவ்வியது. கடிக்கவில்லை, பற்கள் தோலில் பதிந்து நின்றன.

"கைய இழுத்துராத தாயி," என்றார் நாயின் சொந்தக்காரர் மொக்கச்சாமி, வாசலில் அசையாமல் நின்றபடி. "இழுத்தா கிழிச்சிரும். குட்டியக் கீழ விட்டுரு."

அவள் விடவில்லை. போன மாதம் அவளுடைய தோட்டத்து நாய்க்கு யாரோ விஷம் வைத்துவிட்டார்கள். அன்றிலிருந்து, அக்கம்பக்கம் ஆளில்லாத அந்தத் தோட்டத்து வீட்டில், அவளும் மகளும் கதவுக்குக் குறுக்கே உரலை நகர்த்தி வைத்துவிட்டுத்தான் படுக்கிறார்கள். மற்ற மூன்று குட்டிகளும் மொக்கச்சாமி தூக்கிக் காட்டியதுமே அலறின. இது மட்டும் கத்தாமல் அவளையே முறைத்துக்கொண்டிருந்தது.

"பொம்பளப்பிள்ளைய வச்சிருக்கேன்டி," என்றாள் நாயின் கண்ணைப் பார்த்து. "இத எனக்குக் குடு."

உறுமல் அவளுடைய எலும்புவரை அதிர்ந்தது. கை மரத்துப்போகும்வரை அவள் அசையவில்லை. பிறகு நாயின் வாய் மெல்லத் திறந்தது. அது குட்டியை மூக்கிலிருந்து வால்வரை ஒருமுறை நக்கிவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டது.

"முந்தானையில மூடிக்கிட்டுக் கெளம்பு," என்றார் மொக்கச்சாமி. "அது திரும்பிப் பாக்குறதுக்குள்ள போயிரு."

சுவரைப் பார்த்துக் கிடந்த அந்தத் தாயை விட்டுப் போக விருமாயிக்குக் கால் எழவில்லை.