புல் காயக்கூடாது

"ஏனுங்கம்மா, இன்னிக்கோட இந்தப் புல்லுக்குத் தண்ணி விடறத நிறுத்திப்போடுங்க. உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன்."

வனக்காவலர் பிரசாத் கேட்டுக்கு வெளியிலேயே நின்று சொன்னார். உள்ளே கால் வைக்க அவருக்கே தயக்கம். நேற்று வந்து போன காட்டெருமையின் குளம்புத் தடங்கள் பசும்புல்லில் பள்ளம் பள்ளமாகப் பதிந்திருந்தன.

குன்னூரில் அந்தக் கோடைக்கு எதுவும் தப்பவில்லை. வீட்டை ஒட்டிய சரிவில் தேயிலைச் செடிகளே கருகிக் கிடக்க, சாந்தாமணி வீட்டு வாசலில் மட்டும் புல் தளதளவென்று நின்றது. சும்மா ஒன்றும் நிற்கவில்லை. விடியுமுன் எழுந்து வேர் வரை இறங்கும்படி தண்ணீர் விட்டாள். உச்சி வெயிலுக்கு நிழல்வலை கட்டி, வெயில் தாழ்ந்ததும் சுருட்டி வைத்தாள். ஒட்ட வெட்டினால் வேர் வெந்துவிடும் என்று நுனியை மட்டும் வெட்டி, வெட்டிய புல்லை அங்கேயே தூவினாள். குழாயில் தண்ணீர் வராத நாட்களில் அரிசி கழுவியதும் குளித்ததும்கூட அங்கேதான் போனது. அக்கம்பக்கத்தார் இந்தப் பைத்தியத்தைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

"சுத்துவட்டாரத்துல பச்சைன்னா உங்க ஊடு மட்டுந்தானுங்க. அதான் அந்த ஒத்தை மாடு பொழுதுசாய ஆனா இங்க வந்து நிக்குது. கூட்டத்தை விட்டுப் பிரிஞ்ச மாடு எப்படின்னு உங்களுக்குத் தெரியாததுங்களா? கீழ எஸ்டேட் லைன் வீட்டுக்காரர் ஒருத்தரைத் தூக்கி வீசி, அவரு இன்னும் எந்திரிக்கல."

"தெரியுமுங்க" என்றாள் சாந்தாமணி. "பயமாத்தான் இருக்குதுங்க. கண்ணை மூடினா தூக்கமே வர்றதில்லைங்க."

"அப்புறம் என்னுங்க? பேசாம காய விடுங்க. ஒரு மழை பேஞ்சா தானாத் துளுத்துக்கும்."

"அவரு இருந்தப்ப வெச்ச புல்லுங்க. காயறதப் பாக்க மனசு வரலைங்க."

இறந்துபோன கணவரை இழுத்துவிட்டால் அதற்கு மேல் யார் பேச முடியும்? பிரசாத் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"சரி, பட்டாசு போட்டு முடுக்கி விட ஆள் அனுப்பட்டுங்களா?"

"அய்யோ, வேண்டாமுங்க. பாப்பா பயந்துக்கும்."

பிரசாத் வீட்டை எட்டிப் பார்த்தார். எல்லா ஜன்னலும் சாத்தியிருந்தது. கோயமுத்தூரிலிருந்து கைக்குழந்தையோடு வந்திருந்த மகள் ஷண்முகப்ரியா, வந்த நாள் முதலாக வாசலுக்குத் தலை காட்டவில்லை.

"பச்சைக் குழந்தை இருக்கற ஊடுங்க. உங்க மாப்பிள்ளை வேற ரெண்டு தடவை வந்துட்டு உள்ள வர முடியாமத் திரும்பிட்டாருங்களாம். பொண்டாட்டி புள்ளையக் கூட்டிட்டுப் போக வந்த மனுசன், பாவம். யாருக்காவது ஒண்ணு ஆயிருச்சுன்னா?"

சாந்தாமணியின் முகம் வெளிறியது. "என் புள்ளைக்கும் பேத்திக்கும் ஒண்ணும் ஆயிரக்கூடாதுங்க. எனக்கும் அந்தப் பயந்தானுங்க."

"அப்ப சொன்னதக் கேளுங்க" என்று பிரசாத் ஜீப்பில் ஏறினார்.

வெயில் தாழ்ந்தது. நிழல்வலையைச் சுருட்டிவிட்டு உள்ளே வந்த சாந்தாமணி வாசற்கதவைப் பூட்டினாள். "கண்ணு, பாப்பாவத் தூக்கிட்டு உள்ரூமுக்குப் போ. தாழ்ப்பாள் போட்டுக்க" என்று குரல் கொடுத்துவிட்டு ஜன்னல் இடுக்கில் கண்ணை வைத்தாள்.

வளைவில் கார் சத்தம் கேட்டது. மாப்பிள்ளை கீர்த்திவாசன் இன்றைக்குச் சீக்கிரமே வந்துவிட்டார். சாந்தாமணி தேயிலைச் செடிகளைப் பார்த்தாள். ஒன்றும் அசையவில்லை.

கீர்த்திவாசன் இறங்கினார். சரிவை ஒரு முறை நோட்டம் விட்டுவிட்டு, ஓசைப்படாமல் கேட்டைத் திறந்தார். புல்லின் ஓரமாக வீட்டை நோக்கி நடந்தார். சாந்தாமணி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். வேண்டாத தெய்வமில்லை. வாசற்படிக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான் இருந்தது.

செடிகள் சரசரத்தன. கருங்கல் சுவர்போல அது புல்வெளியில் வந்து நின்று, தலையைத் தாழ்த்திப் புஸ்ஸென்று மூச்சு விட்டது. கீர்த்திவாசன் பிடித்த ஓட்டத்தில் செருப்பு ஒன்று கழன்று தெறித்தது. கார்க்கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

செல்போன் அடித்தது.

"அத்தை, மனுசன் வர்ற எடமா இது?" அவருக்கு மூச்சிரைத்தது. "முதல்ல அந்தப் புல்லைக் கொத்திப் போடுங்க."

"வண்டிய விட்டு எறங்கிராதீங்க மாப்பிள்ளை. பொல்லாத மாடு. பத்திரமா ஊடு போய்ச் சேருங்க."

கார் பின்வாங்கி வளைவில் மறைந்தது. காட்டெருமை சாவகாசமாக மேயத் தொடங்கியது. கார் சத்தம் அடங்கும்வரை சாந்தாமணி ஜன்னலை விட்டு நகரவில்லை. பிறகு போய் உள்ளறைக் கதவைத் தட்டினாள்.

"போயிட்டாராம்மா?" என்று உள்ளிருந்து மகள் கிசுகிசுத்தாள்.

"போயிட்டான் கண்ணு, கதவைத் தொற" என்றாள் சாந்தாமணி. "புல்லு பச்சையா இருக்கற வரைக்கும் மாடு வரும். மாடு நிக்கற வரைக்கும் உன்ன அடிக்க அவன் உள்ள வர மாட்டான்."