மீசை வைத்த கட்டடம்

"பிரஷ்ஷைக் கீழ வைம்மா!"

கதவைத் தட்டாமலேயே உள்ளே நுழைந்த முகப்புரிமை அதிகாரி சபேசன் அதட்டினார். சென்னையில் இப்போது ஒவ்வொரு கட்டடத்தின் முகமும் அதன் முதலாளிக்குச் சொந்தம். அனுமதியில்லாமல் வரைந்தால் ஓவியத்தைக் கொளுத்துவார்கள். வரைந்தவர் ஆயுளுக்கும் பிரஷ்ஷைத் தொடக் கூடாது.

ரெஜினா பிரஷ்ஷைக் கீழே வைக்கவில்லை. தன் ஓவியத்தில் நின்ற கிண்டிக் கண்ணாடிக் கட்டடத்தின் கடைசி ஜன்னலுக்கு வெயில் பூசினாள்.

"தாராளமா சோதிங்க சார்."

சபேசன், பதிவுப் படங்களோடு ஒப்பிடும் கருவியை ஓவியத்தின் மேல் காட்டினார். பச்சை விளக்கு எரிந்தது. 'பதிவான கட்டடம் அல்ல' என்றது கருவி.

"விளையாடறியா? இது அதே கட்டடம்தான்னு சின்னக் குழந்தைகூடச் சொல்லும்!"

"குழந்தை சொல்லும். உங்க மெஷின் சொல்லலையே! ஓனர் பதிவு பண்ண படத்தைப் பாருங்க."

பார்த்தார். எல்லாக் கட்டடத்துக்கும் சட்டப்படி பதிவதுபோல, திறப்பு விழாப் பூஜையன்று எடுத்த படம் அது. கட்டடத்தின் நெற்றியில் நாலு மாடி உயரத்துக்கு, முறுக்கு மீசையும் துருத்திய நாக்குமாய் ஒரு திருஷ்டி பொம்மை! பூஜை முடிந்ததும் அதைக் கழற்றிவிட்டார்கள்.

"பதிவையே மாத்தச் சொல்றேன்!"

"பதிஞ்சா பதிஞ்சதுதான், மாத்த முடியாதுன்னு சட்டம் போட்டதே நீங்கதானே?"

சபேசன் கருவியைப் பைக்குள் போட்டார். "இந்த ஒரு கட்டடத்துல தப்பிச்சிட்டே. அடுத்ததுல மாட்டுவே."

ரெஜினா புதிய கேன்வாஸை எடுத்து வைத்தாள். ஜன்னலை அகலத் திறந்தாள். வெளியே மொத்தச் சென்னையும் நின்றது.

"திருஷ்டி பொம்மை மாட்டாம இந்த ஊர்ல எவன் சார் கட்டடம் திறந்தான்?"