வராத பிள்ளைகள்

அந்த அரசுப் பள்ளியைப் பஞ்சு மில் தத்தெடுத்த நாளிலிருந்து, மில் கொடுத்த கருவிதான் பெயர் கூப்பிடுகிறது. கூப்பிட்டதும் "சுடர்மணி மில்லுக்கு நன்றி" என்று சொல்ல வேண்டும். சொல்லாதவர் வராதவர். வராதவருக்கு மதியச் சோறு கிடையாது.

மில் இயந்திரத்தில் அம்மாவின் கை போன மறுவாரம், ஐந்தாம் வகுப்புச் செல்லக்கனி எழுந்து, "உள்ளேன் டீச்சர்" என்றாள்.

"வரவில்லை" என்றது கருவி.

ஜெயசீலி டீச்சர் அவள் பக்கம் குனிந்தாள். "சொல்லிடு கண்ணு. வெறும் வாய் வார்த்தைதானே?"

"எனக்கு வாய் வரல டீச்சர்."

அடுத்துக் கூப்பிடப்பட்ட வீரபாண்டி செல்லக்கனியைப் பார்த்தான். "உள்ளேன் டீச்சர்!" அவனுக்கு அடுத்தவளும் அதையேதான் சொன்னாள். அதன்பிறகு ஒரு பிள்ளைகூட நன்றி சொல்லவில்லை.

கடைசியாகக் கருவி டீச்சரின் பெயரைக் கூப்பிட்டது. ஜெயசீலி பிள்ளைகளைப் போலவே கையைக் கட்டிக்கொண்டு எழுந்து நின்றாள்.

"உள்ளேன்."

"இன்று வகுப்புக்கு யாரும் வரவில்லை" என்று கருவி மில்லுக்குத் தகவல் அனுப்பியது.

மதியம் சத்துணவுக்கூடத்து அன்னபாக்கியம் கரண்டியால் அண்டாவை ஓங்கித் தட்டினாள்.

"வராத பிள்ளைங்க எல்லாம் தட்டைத் தூக்கிட்டு வாங்க! டீச்சர், நீங்களுந்தான்!"