சுவருக்குள் பதினொரு பேர்

"ஒரே குடும்பம் இருந்த வீடாம்! பொய் சொல்றதுக்கும் ஒரு அளவு வேணாமா?" என்றார் வாத்தியார், கையில் பிளேடோடு.

வாங்க வந்த பண்ணைவீட்டின் கூடத்துச் சுவரில் உள்ளங்கை அகலத்துக்குச் சுரண்டியிருந்தார். கிளிப்பச்சைக்குக் கீழே ரோஸ். ரோஸுக்குக் கீழே ஊதா. அதற்கும் கீழே, இன்னதென்று சொல்ல முடியாத ஒரு நிறம்.

அவர் மனைவி, உதிர்ந்த தூளை முந்தானையால் ஒதுக்கினாள். கல்யாணமான நாளிலிருந்து வாடகை வீடு. ஒரு ஆணி அடிக்கக்கூட அடுத்தவரைக் கேட்க வேண்டும். இந்த வீட்டைப் பார்த்ததுமே, எந்த ஜன்னலோரம் தையல் மெஷின் என்பது வரைக்கும் மனசுக்குள் குடியேறிவிட்டாள்.

"பதினொரு கலர்!" என்றார் வாத்தியார். "வீடு வாங்கினவன் முதல்ல என்ன பண்ணுவான்? பெயிண்ட் அடிப்பான். அப்ப பதினொரு பேர் கை மாறியிருக்கு. ஒருத்தனும் ஒட்டலை. வீட்டுல ஏதோ கோளாறு."

"சரித்திரப் பாடத்தைத்தான் ரிட்டயர் ஆனதோட விட்டாச்சே. சுவருக்கும் எடுக்கணுமா?"

பண்ணைக்காரர் டீயோடு வந்தார். மகள் வீட்டோடு போய் இருக்கத்தான் இதை விற்கிறார்.

"வீட்டுக்கு என்ன வயசு?" என்றார் வாத்தியார்.

"என்னைவிட ரெண்டு வயசு பெரிசு."

"இதுவரைக்கும் யார் யார்கிட்ட இருந்தது?"

"எங்கப்பா கட்டினார். அப்புறம் நான்."

"அப்ப இது?" பிளேடு சுவரைக் காட்டியது.

"வருஷா வருஷம் பெயிண்ட் அடிப்பேன்."

"கூடத்துக்கு மட்டுமா? உள்ரூம்ல ரெண்டே கலர்தான் இருக்கு."

"அங்கயும் சுரண்டிட்டீங்களா?"

"ஆராய்ச்சின்னா அப்படித்தான்."

பண்ணைக்காரர் டீயை ஆற்றினார். ஆற்றிக்கொண்டே இருந்தார்.

"பார்த்தியா, மென்னு முழுங்குறார்," என்று வாத்தியார் மனைவியிடம் திரும்பினார். "கிளம்பு. வேற வீடு பார்க்கலாம்."

அவள் எழுந்தாள். தையல் மெஷின் எழுந்திருக்க மறுத்தது.

"அண்ணே, இருக்கீங்களா?"

வாசலில் ஒரு பெரியவர். சட்டையெல்லாம் பெயிண்ட் திட்டு. ஒரு கையில் டப்பா. இன்னொரு கையால் நிலைப்படியைத் தடவித் தடவி உள்ளே வந்தார்.

"வாப்பா பெயிண்டரே," என்றார் பண்ணைக்காரர்.

பெயிண்டர் மூக்கு இடிக்கிற தூரத்தில் சுவரைப் பார்த்தார். நல்லவேளை, சுரண்டாத பக்கம்.

"என்னண்ணே, போன வருஷம் அடிச்ச வெள்ளை, அதுக்குள்ள இப்படி அழுக்கேறிக் கிடக்கு?"

கிளிப்பச்சைச் சுவர் பளபளவென்று நின்றது.

"ஆமாம்ப்பா. ரொம்ப அழுக்கு," என்றார் பண்ணைக்காரர். முகத்தில் ஒரு அசைவில்லை.

"இப்பல்லாம் யாருக்கும் சுத்தபத்தமே இல்லண்ணே. ஒருத்தனும் சுவருக்குப் பெயிண்ட் அடிக்கிறதில்லை போல. என்னைக் கூப்பிடுறது நீங்க ஒருத்தர்தான்."

"காலம் கெட்டுப்போச்சுப்பா."

வாத்தியாரின் டீ, வாய்க்குப் போகிற வழியில் நின்றுவிட்டது.

"யாரோ வந்திருக்காங்க போலிருக்கே?"

"வீட்டைப் பார்க்க வந்தவங்க. விக்கப்போறேன்ப்பா."

பெயிண்டர் டப்பாவை மெதுவாகக் கீழே வைத்தார்.

"அப்ப இதுதான் கடைசித் தடவையாண்ணே?"

பெயிண்டரே சமாளித்துக்கொண்டு, ஸ்பூன் காம்பால் மூடியை நெம்பினார்.

"பரவாயில்லை. புதுசா வர்றவங்களுக்குன்னு நல்லா அடிச்சுக் குடுத்துடறேன். சார், இப்படி வாங்க. கடையில நானே பார்த்து எடுத்தது. மஞ்சள். எப்படி இருக்கு?"

டப்பா நிறைய அடர் நீலம்.

மனைவி வாத்தியாரைப் பார்த்தாள். கல்யாணப் பத்திரிகையில் கிழமை தப்பு என்று பந்தியில் வைத்து மாப்பிள்ளையின் அப்பாவிடமே சொல்லிவிட்டு வந்த மனுஷர் இவர். வாயை அடைக்க வழியில்லை.

வாத்தியார் குனிந்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, டப்பாவுக்குள் வெகுநேரம் பார்த்தார்.

"அருமையான மஞ்சள்," என்றார். "அடுத்த வருஷமும் இதையே அடிச்சுடுங்க. நாங்க இங்கதான் இருப்போம்."